ஏழாவது ஸ்லைடு

அவள் பயந்த சுபாவம். சின்ன வயதிலேயே அண்ணன்கள் இருவரும் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெரியவன் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து ‘பே’ என்பான். அவள் கையிலிருந்த டம்ளர் விழும். அடியும் அவளுக்குத்தான் விழும். நாற்பத்தெட்டு வயதிலும் வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறாள். கேஸை மூடினோமா என்று பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பி வந்த நாட்கள் உண்டு. அதற்காகவே அவள் கணவர் தினமும் காலையில் அடுப்பைப் படம் எடுத்து அவள் போனுக்கு அனுப்பப் பழகியிருந்தார். ‘அடுப்பு தூங்குது. நீ கெளம்பு’ என்று கீழே ஒரு வரி இருக்கும்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, பிறருடைய பயத்தைக் கேட்பது. பல்கலைக்கழகத்தின் ஆலோசனை மையத்தில் பதினொரு வருடங்களாக இருக்கிறாள். மையம் நூலகத்தின் பின்பக்கம், தரைத்தளத்தில். ஒரு காலத்தில் பழைய விடைத்தாள்களைக் கட்டி வைத்திருந்த அறை. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் மழைக்காலத்தில் காகித வாடை வந்துவிடும். ‘இங்க ஃபெயிலானவங்க ஆவி சுத்துது மேடம்’ என்பார் முன்மேசையில் உட்காருகிற அண்ணன். அவர்தான் படிவம் கொடுப்பவர், போன் எடுப்பவர், வருகிறவர்களைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொள்பவர்.

உள்ளே இரண்டு நாற்காலிகள். எதிரெதிராகப் போடாமல் சற்றுக் கோணலாகப் போட்டிருக்கும். கண்ணைப் பார்க்க விரும்பாதவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசலாம். கடிகாரம் மாணவரின் தலைக்குப் பின்னால். மணி பார்ப்பது தெரியக் கூடாது. நுழைய ஒரு கதவு, வெளியே போக வேறு கதவு. அழுத முகத்தோடு போகிறவரை அடுத்து வருகிறவர் பார்க்க வேண்டாம். நடுவில் ஒரு முக்காலி, அதன்மேல் டிஷ்யூ பெட்டி. மாணவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் டிஷ்யூ மேடம். அது அவளுக்குத் தெரியும். பெட்டி தீர்ந்துபோன ஒரு நாள் ஒரு பையன், ‘டிஷ்யூ மேடம்கிட்டயே டிஷ்யூ இல்லையா’ என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, அழுகையை நிறுத்திச் சிரித்தான்.

முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை அவள் நன்றாகக் கற்றிருந்தாள். உள்ளே எவ்வளவு பயந்தாலும் வெளியே தெரியாது. முகம் இஸ்திரி போட்ட துணி மாதிரி இருக்கும். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது மகள் சொல்வாள், “அம்மா, அந்த ஆபீஸ் மூஞ்சிய வாசல்லயே கழட்டி வெச்சுட்டு வா.”

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாணவன் இறந்துபோனான். அவன் மையத்துக்கு ஒரு முறைகூட வந்ததில்லை. விசாரணைக் கமிட்டி இரண்டே கேள்வி கேட்டு அவளை அனுப்பிவிட்டது. அவள்தான் அன்று பதிவேட்டை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை புரட்டினாள், அவன் பெயர் இருந்துவிடுமோ என்று. இல்லை. அது ஆறுதலாக இருந்ததற்காகப் பல நாள் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அதன் பிறகு போன் அடித்தாலே பயந்தாள். ரிங்டோனை நான்கு முறை மாற்றிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் ஒரு வாரத்தில் பயமுறுத்தக் கற்றுக்கொண்டது.

அந்தப் பெண் முதலில் வந்தது ஆறு வாரங்களுக்கு முன்பு. இரண்டாம் வருடம், புள்ளியியல். செவ்வாய்க்கிழமை பத்து மணி. அவளைவிட அவளுடைய குடைதான் முதலில் கண்ணில் படும். கரும்பச்சை, ஆண்கள் பிடிக்கிற நீளக் குடை, மரக் கைப்பிடி. ஒரு கம்பி ஒடிந்து செம்புக் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. வெயிலாக இருந்தாலும் கொண்டுவருவாள். முன்மேசை அண்ணன் முதல் நாள், “குடைய அந்த வாளியில வைம்மா,” என்றார்.

“வேணாம் சார்.”

“யாரும் தின்னுட மாட்டாங்கம்மா.”

அவள் சிரிக்கவில்லை. உள்ளே வந்து குடையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றாவது வாரம்தான் அது அப்பாவின் குடை என்று சொன்னாள். போன வருடம் அப்பா இறந்தபோது துணிமணிகளையெல்லாம் யார் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்ததால் இது மட்டும் தப்பியது. செம்புக் கம்பி அப்பா கட்டியது. “யார்கிட்டயும் குடுக்க மாட்டேன். திறக்கவும் அவங்களுக்குத் தெரியாது,” என்றாள்.

தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, வகுப்பில் எழுத்துகள் ஓடுகின்றன. ஆறு வாரமும் இதேதான். ஹாஸ்டலுக்குத் தெரியக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் சத்தியம் வாங்கிக்கொண்டு போவாள். ஒவ்வொரு செவ்வாய் மாலையும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கேட்காமல் விட்டது என்ன என்று யோசித்துக்கொண்டே போவாள் ஆலோசகி.

ஏழாவது செவ்வாய் அந்தப் பெண் தலைக்குக் குளித்து, வாரி, இஸ்திரி போட்ட உடையில் வந்தாள். நன்றாகத் தூங்கினாளாம். காலையில் சாப்பிட்டாளாம். ஜன்னலைப் பார்க்காமல் நேராக முகத்தைப் பார்த்துப் பேசினாள். வெளியே மேகம் கட்டியிருந்தது. ஐம்பது நிமிடம் முடிந்து எழுந்தபோது, “உங்களுக்கு பஸ் ஸ்டாப் தூரமா மேடம்?” என்று கேட்டாள்.

“பத்து நிமிஷ நடை. ஏன்மா?”

“மழை வரும்போல இருக்கு. நீங்க குடை கொண்டு வரல. இத வெச்சுக்கோங்க.”

“உனக்கு?”

“எனக்கு வேணாம் மேடம்.”

ஹாஸ்டல் பக்கத்தில்தானே இருக்கிறது என்று அந்த வாக்கியத்தின் மீதியை ஆலோசகியே தன் மனதுக்குள் போட்டுக்கொண்டாள். மாணவர்களிடம் பரிசு எதுவும் வாங்கக் கூடாது என்று விதி. மழைக்கு ஒரு குடை வாங்கிக்கொள்வது பரிசில் சேராது. வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண் வெளிக்கதவு வழியாகப் போனாள். அவளுடைய கைகள் இரண்டும் காலியாக இருந்தன. அது ஒரு நிமிடம் விநோதமாகப் பட்டது. பிறகு கோப்பைத் திறந்து எழுதினாள்: ‘மனநிலை சீர். தூக்கமும் உணவும் மேம்பட்டுள்ளன. பிறர் நலனில் அக்கறை வெளிப்படுகிறது. இனி மாதம் ஒரு முறை போதும்.’

கையெழுத்துப் போட்டபோது மனது லேசாக இருந்தது. அப்படி இருப்பது அவளுக்கு அபூர்வம்.

பதினொன்றரைக்குக் கருத்தரங்க அறையில் விடுதி வார்டன்களுக்குப் பயிற்சி வகுப்பு. வருடா வருடம் நடப்பது. நாற்பது பேர். பாதிப் பேர் பிஸ்கட்டுக்காக வந்தவர்கள். பெண்கள் விடுதி வார்டன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பருத்த உடம்பு, கழுத்தில் எப்போதும் ஒரு விசில். பத்து மணிக்கு விளக்கணைக்க அதை ஊதுவார். மாணவிகளுக்கு அவர் விசில் அம்மா.

அதே பதினைந்து ஸ்லைடுகள். வரிகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். திரையைப் பார்க்காமலே சொல்வாள். ஏழாவது ஸ்லைடு வந்தது. தலைப்பு: எச்சரிக்கை அறிகுறிகள்.

“ஒண்ணு, சாவைப் பத்திப் பேசறது. ரெண்டு, எல்லார்கிட்டேயிருந்தும் ஒதுங்கறது. மூணு, தனக்கு ரொம்பப் பிரியமான பொருளை மத்தவங்களுக்குக் குடுத்துடறது...”

“எங்க ஹாஸ்டலுக்கு அந்த பயமே இல்ல மேடம்,” என்றார் விசில் அம்மா. “எங்க பிள்ளைங்க ஒரு சோப்பைக்கூட குடுக்க மாட்டாங்க. அதுக்கே நான் பஞ்சாயத்து பண்ணணும்.”

அறை சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனாள்.

“நாலு, ரொம்ப நாள் வாடிப்போய் இருந்துட்டு திடீர்னு ஒரு நாள் அமைதியா, தெளிவா...”

அங்கே நின்றுவிட்டாள். மேடை மேசையின் ஓரத்தில் கரும்பச்சைக் குடை சாய்ந்திருந்தது. அவளே கொண்டுவந்து சாய்த்தது.

எனக்கு வேணாம் மேடம். அந்தக் குரல் இப்போதுதான் சொன்ன மாதிரி காதில் கேட்டது. பதினொரு வருடங்களாக இதே வரியை வாசித்துக்கொண்டிருக்கிறாள். காலையில் அது நடந்து வந்து கையில் குடையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அதை அவள் முன்னேற்றம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள்.

“ஒரு நிமிஷம்,” என்று மைக்கில் சொன்னாள். குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வராந்தா முடியும்வரை நடந்தாள். திரும்பியதும் ஓடினாள்.

மையத்தில் முன்மேசை அண்ணன் அவளைப் பார்த்து எழுந்துவிட்டார். “என்ன மேடம், அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?”

அவள் நேராக உள்ளே போய்க் கோப்பை விரித்தாள். அந்தப் பெண்ணின் கைபேசி எண்ணைத் தன் போனில் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டாள். அதே குரல், அதே வாக்கியம். மையத்துக்கு வந்த முதல் நாள் அவள் நிரப்பிய படிவத்தைப் புரட்டினாள். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள: ஒரு எண். உறவு: தெரிந்தவர். அந்தச் சொல்லை ஏழு வாரமாக யாரும் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. எண்ணை, யாருடையது என்றுகூட யோசிக்காமல், ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

முன்மேசையில் போன் அடித்தது.

அடிக்கிற நேரத்தைப் பார், என்று நினைத்தாள். அண்ணன் எடுத்தார். “கவுன்சலிங் சென்டர், சொல்லுங்க,” என்றார். அந்தக் குரல் கதவுக்கு அப்பாலிருந்தும் காதுக்குள்ளிருந்தும் ஒன்றாக வந்தது.

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள்.

“ஹலோ, யாருங்க? சொல்லுங்க, பயப்படாம சொல்லுங்க,” என்றார் அண்ணன். பேசாமல் இருக்கிறவர்களிடம் அப்படிச் சொல்ல வேண்டும் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.

அவருடைய மேசைக்குப் பின்னால் சுவரில் மையத்தின் எண் பெரிய எழுத்தில் எழுதிய பலகை இருந்தது. படிவம் நிரப்புகிறவர் தலையைத் தூக்கினால் அதுதான் தெரியும். அந்தப் பெண் தலையைத் தூக்கிப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறாள்.

“மேடம், நாப்பது பேர் அங்க உக்காந்து பிஸ்கட்டைப் பாத்துட்டு இருக்கோம்...” விசில் அம்மா மூச்சுவாங்க வாசலில் வந்து நின்றார். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்.

அந்தப் பெண்ணுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாள். ஹாஸ்டலுக்குத் தெரியக் கூடாது. தான் நினைப்பது தப்பாக இருந்தால், சும்மா மழைக்குக் கொடுத்த குடையாகவே இருந்தால், அந்தப் பெண் இனி எந்தக் கதவு வழியாகவும் வர மாட்டாள். சரியாக இருந்தால்? ஒன்றைவிட ஒன்று பெரிய பயம். பெரியதைத் தேர்ந்தெடுத்தாள். அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னாள்.

விசில் அம்மா ஏன் என்று கேட்கவில்லை. “முன்னூத்துப் பன்னெண்டு. கூட இருக்கிற பொண்ணு ஊருக்குப் போயிருக்கு,” என்றார். சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். “காலையில எனக்கு வணக்கம் சொல்லிச்சு மேடம் அந்தப் பொண்ணு. ரெண்டு வருஷத்துல முதல் தடவை.”

ஹாஸ்டலுக்குப் பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஆலோசகி குடையைத் திறக்கப் பார்த்தாள். பொத்தானை அழுத்தினாள், தள்ளினாள், குலுக்கினாள். திறக்கவில்லை. மூடிய குடையை மார்போடு அணைத்துக்கொண்டு நனைந்தபடி ஓடினாள். பின்னால் விசில் அம்மாவின் சாவிக்கொத்து சலசலத்தது. இரண்டாம் மாடியில் அவர் கைப்பிடியைப் பிடித்து நின்றுவிட்டார். “நீங்க போங்க, நிக்காதீங்க,” என்று கையை வீசினார்.

முன்னூற்றுப் பன்னிரண்டு. உள்தாழ்ப்பாள். தட்டினாள். சத்தம் இல்லை. பெயர் சொல்லித் தட்டினாள். வராந்தாவின் கடைசியில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சொட்டுகளுக்கு நடுவே அவளுக்கு என்னென்னவோ தெரிந்தது. சின்ன வயதில் கதவுக்குப் பின்னால் ஒளிந்து ‘பே’ என்ற பெரிய அண்ணன்கூட வந்துபோனான். டிஷ்யூ மேடமாக இருந்து பழகிய குரல் போய் எங்கிருந்தோ வேறு குரல் வந்தது.

“கதவைத் தொறடீ!”

தாழ்ப்பாள் நகர்ந்தது.

அந்தப் பெண் நின்றிருந்தாள். காலையில் வாரிய தலை கலையவில்லை. பின்னால் அறை துப்புரவாக இருந்தது. அலமாரி காலி. பக்கத்துக் கட்டிலில் புத்தகங்களும் உடைகளும் அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொரு அடுக்கின் மேலும் ஒரு துண்டுச் சீட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்.

“மேடம்? நனைஞ்சுட்டீங்களே. குடை இருந்துச்சே,” என்றாள்.

ஆலோசகி உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். பயிற்சியில் அவளே சொல்லிக்கொடுப்பது: சுற்றி வளைக்காதீர்கள், நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்படாதீர்கள். சொல்லிக்கொடுப்பது சுலபம்.

“சாகணும்னு நெனச்சியா?”

அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்தாள்.

“இப்ப இல்ல மேடம்,” என்றாள். “சாயங்காலம்னு இருந்தேன்.”

பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டதற்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். ஆலோசகி தன் முகத்தைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். முடியவில்லை. உதடு கோணிக்கொண்டது.

“நீங்க பயந்துட்டீங்களா?” அந்தப் பெண் ஆச்சரியமாகக் கேட்டாள்.

“ஆமா. ரொம்ப. கையப் பாரு.”

நீட்டிய கை தானாக ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு அவளுக்கும் உதடு துடித்தது. ஏழு வாரத்தில் முதல் தடவையாக அழுதாள். கொடுக்க டிஷ்யூ இல்லை. ஆலோசகி ஈரச் சேலைத் தலைப்பைக் கொடுத்தாள்.

விசில் அம்மா வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நிலைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “சோப்பு எனக்குக் குடுத்திருக்கலாம்ல,” என்றார். அவருக்கும் குரல் உடைந்திருந்தது. எதை எடுத்து வைத்திருக்கிறாய் என்று ஆலோசகி கேட்டபோது அந்தப் பெண் மேசை இழுப்பறையைக் காட்டினாள். அதில் இருந்ததை விசில் அம்மா எண்ணாமல், பார்க்காமல், துண்டில் சுருட்டித் தன் கையில் வைத்துக்கொண்டார்.

“இப்ப நெஜமான நம்பர் சொல்லு,” என்றாள் ஆலோசகி.

“அக்காவுக்குப் புது வேலை மேடம். லீவு கேட்டா திட்டுவாங்க.”

“நான் பேசிக்கறேன். சொல்லு.”

அக்கா மூன்று மணி நேரத் தூரத்தில் ஒரு ஊரில் இருந்தாள். போனை எடுத்ததும் கடைச் சத்தம் கேட்டது. பல்கலைக்கழகம் என்று சொன்னவுடன் அந்தச் சத்தம் அடங்கிவிட்டது. எங்கோ ஒதுங்கிப் போயிருக்க வேண்டும். “உயிரோட இருக்காளா?” என்றுதான் முதலில் கேட்டாள். எதையோ அவளும் பயந்துகொண்டே இருந்திருக்கிறாள்.

“என் பக்கத்துல உக்காந்திருக்கா. பேசுங்க.”

அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு பக்கமும் அழுகைதான். கடைசியில் அக்கா, “மூணு மணி நேரம். அதுவரைக்கும் எங்கயும் போகாத. எருமை. எங்கயும் போகாத,” என்றது மட்டும் வெளியே கேட்டது.

அதுவரைக்கும் மருத்துவ மையத்தில் இருக்கலாம் என்று முடிவாயிற்று. டாக்டரிடம் விசில் அம்மா போனில் பேசிவிட்டார். மைதானத்தைத் தாண்டி இருநூறு அடி. மழை விடவில்லை. படியிறங்கித் தாழ்வாரத்தில் நின்றார்கள். ஆலோசகி மறுபடி குடையோடு மல்லுக்கட்டினாள். ஒரு கையால் முடியவில்லை. மறு கையால் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அதை விடத் துணிவு வரவில்லை.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்படி இல்ல மேடம். ஒடிஞ்சிடும்.”

இன்னொரு கையால் குடையை வாங்கினாள். செம்புக் கம்பி கட்டிய இடத்தைக் கட்டைவிரலால் ஒரு பக்கமாக ஒதுக்கி, கைப்பிடியை இடுப்பில் ஊன்றி ஒரு தள்ளு தள்ளினாள். குடை பட்டென்று விரிந்தது. இரண்டு பேருக்குத் தாராளமாக இடம் இருந்தது. விசில் அம்மா தலையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கவிழ்த்துக்கொண்டு பின்னால் வந்தார்.

மைதானத்தின் நடுவில் சேறு. அந்தப் பெண் குடையை ஆலோசகியின் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தாள்.

“பாத்து வாங்க மேடம். இங்க வழுக்கும்,” என்றாள்.

காலையாக இருந்தால் அதையும் பிறர் நலனில் அக்கறை என்று கோப்பில் எழுதியிருப்பாள். இப்போது அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அக்கா வர இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம் இருந்தது. மணிக்கட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.